விண்கல் பள்ளமும் என் சமையலறை முக்காலியும்

என் சமையலறை முக்காலி காணாமல் போன அதே வாரத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் வானத்திலிருந்து விழுந்த கல்லைக் கண்டுபிடித்தார். ஊரே கல்லைப் பற்றிப் பேசியது. முக்காலியைப் பற்றி நான் ஒருத்திதான் பேசினேன். சர்க்கரை டப்பாவும் நூல்கண்டுப் பெட்டியும் எனக்கு எட்டாத மேல் அலமாரியில் இருக்கின்றன. கல் இல்லாமல் பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியாயிற்று. முக்காலி இல்லாமல் ஒரு நாளைத் தள்ள முடியவில்லை.

முதலில் அந்தப் பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பின்சுவரைத் தாண்டினால் பள்ளம்தான். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம். உள்ளே ஆளுயரக் கோரைப்புல், சேறு, நாலைந்து கொக்கு. ஊரில் யாருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் அதுதான் உயிர். இவ்வளவு வட்டமான பள்ளம் தானாக வராது, என்றோ ஒரு விண்கல் வந்து மோதிய இடம்தான் இது என்று எதிரில் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்வார். அதனால் அவருக்கு ஊர் வைத்த பெயர் பள்ளம் சார். என்னைப் பள்ளம் சார் சம்சாரம் என்பார்கள். தையல் கடை வைத்து ஊருக்கே ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறேன், அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்தப் பள்ளத்தில்தான் ஊர்க் குப்பையைக் கொட்டப்போவதாக நகராட்சி முடிவு செய்தது. யோசனை லாரிக்காரருடையது. அவர் நகராட்சி உறுப்பினர். பள்ளத்தின் மேற்குக் கரையில் மாடி வீடு. குப்பை அள்ளுகிற லாரிகளும் அவருடையவைதான். எங்கள் வீட்டுக்காரர் நகராட்சிக்கு நடையாய் நடந்து, கடைசியில் தலைவியம்மா ஒரு வார்த்தை கொடுத்தார். விண்கல் விழுந்த இடம் என்று நிரூபித்தால் பள்ளத்தைத் தொடமாட்டோம், இல்லையென்றால் லாரி வரும். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பள்ளம். துணி காயப்போடுகிற கயிற்றுக்கு நேர் கீழே பள்ளம். இனி அந்த ஜன்னலை ஆயுசுக்கும் திறக்க முடியுமா முடியாதா என்பது இவருடைய கல்லில் வந்து நின்றது.

எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"கல்லு வந்து மோதினா அடியில இருக்கிற பாறை நொறுங்கிடும். நொறுங்கின பாறை உள்ளுக்குள்ள இடைவெளி விட்டு லேசாயிடும். லேசான பாறைக்கு மேல நின்னா பூமி உன்னைக் கொஞ்சம் கம்மியாத்தான் இழுக்கும்."

"அப்ப நான் அங்க போய் நின்னா இளைச்சிடுவேனா?"

"ஒரு எறும்பு எடை கூடக் குறையாது. ஆனா அந்த வித்தியாசத்தை அளக்க ஒரு கருவி இருக்கு. ஊர் முழுக்க அளந்து, பள்ளத்துக்குள்ள மட்டும் வட்டமா இழுப்பு குறைஞ்சிருந்தா, முடிஞ்சது கதை."

அந்தக் கருவி வந்தது. அவர் படித்த பல்கலைக்கழகத்தில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கியது. கிராவிமீட்டர் என்று பெயர். அடுப்பங்கரை டப்பா அளவுதான் இருக்கும், அதற்கு நடந்த உபசாரம் எங்கள் கல்யாணத்தில் எனக்கு நடக்கவில்லை. காரின் முன் சீட்டில் அதை உட்காரவைத்து பெல்ட் போட்டார். நான் பின்னால். அது குலுங்கக் கூடாதாம், சாயக் கூடாதாம், வெயில் படக் கூடாதாம். நான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். காலையில் வேலை தொடங்கும்போதும் சாயங்காலம் முடிக்கும்போதும் மாப்பிள்ளையை எங்கள் வாசல்படியில் வைத்து அளப்பார். நடுவில் கருவியின் மனம் எவ்வளவு மாறியது என்று பார்க்கவாம். அந்த நேரத்தில் நான் தையல் மிஷின் மோட்டாரைப் போடக் கூடாது, தும்மக் கூடாது. தும்மினால் வாசலிலிருந்து ஒரு பார்வை வரும்.

அளக்க வேண்டிய இடங்களில் எல்லாம் முன்பே கல்லூரிப் பிள்ளைகளை வைத்து மரமுளை அடித்து, ஒவ்வொரு முளையின் உயரத்தையும் குறித்து வைத்திருந்தார். உயரம்தான் முக்கியமாம்.

"தரையில இருந்து ஒரு விரல்கடை மேல தூக்கினாக்கூட இதுக்குத் தெரிஞ்சிடும்," என்றார். "மேல போகப்போக பூமி இழுக்கிறது குறையும். அதனால முளை பக்கத்துல, தரையோட தரையா வெச்சுத்தான் படிக்கணும்."

தரையோடு தரையாக வைத்தால் படிக்கிறவரும் தரையோடு தரையாகத்தானே போக வேண்டும். பள்ளத்தைச் சுற்றியிருந்த தெருக்கள் முழுவதும் முளைக்கு முளை குந்தி, நிமிர்ந்து, மறுபடி குந்தி அளந்து முடித்தார். தெரு வேலை முடிந்த அன்று அஞ்சலகத்துக்கு எதிரே குனிந்தவர் நிமிரவே இல்லை. குனிந்த வாக்கிலேயே நடந்து வீட்டுக்கு வந்தார். வழியில் பார்த்தவர்கள் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று கூட நடந்து தேடினார்களாம். இடுப்பு பிடித்துக்கொண்டது. மருத்துவர் எழுந்திருக்கவே கூடாது என்றார்.

பள்ளத்துக்குள் ஒரு முளையும் அளக்கவில்லை. கருவியைத் திருப்பிக் கொடுக்கிற நாளோ நெருங்கிவிட்டது. வேறு யார் இருக்கிறார்கள், என் தம்பியைக் கூப்பிட்டேன்.

என் தம்பியை ஊரில் பஞ்சு என்பார்கள். அவன் ஏறினால் அவனுடைய வேனே ஒரு பக்கம் சாயும், அதனால் வந்த பெயர். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் மாட்டுகிற வேலை. நல்லவன், சொன்னதைச் செய்வான், சொல்லாததையும் செய்வான். எங்கள் வீட்டுக்காரர் படுத்தபடியே அவனுக்குப் பாடம் எடுத்தார். மட்டம் பார்க்கிற குமிழி நடுவில் வர வேண்டும், பொத்தானை அமுக்க வேண்டும், விலகி நின்று மூச்சை அடக்க வேண்டும். கிளம்பும்போது வாசலில் வைத்து நானும் ஒரு பாடம் எடுத்தேன்.

"டேய், நீயும் குனிஞ்சு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்காத. வீட்டுக்கு ஒரு இடுப்புதான் என்னால பார்க்க முடியும்."

"சரிக்கா," என்றான்.

அதன் பிறகு எல்லாம் கைபேசியில் நடந்தது. இவர் கட்டிலில், அவன் கோரைப்புல்லுக்குள்.

"எந்த முளைடா?"

"வெளி வட்டம் முடிச்சிட்டேன் மாமா. அடுத்த வட்டத்துக்குப் போறேன்."

"குமிழி நடுவுல இருக்கா?"

"அசையாம நிக்குது மாமா. கல்லு மாதிரி."

அந்த நாட்களில்தான் முக்காலியைக் காணோம். பின்னாலேயே துணி அலசுகிற வாளியையும் காணோம். தம்பியிடம் கேட்டதற்கு, "முக்காலியா?" என்று அப்போதுதான் அந்தச் சொல்லையே கேள்விப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரி மீது சந்தேகப்பட்டு அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவளுக்கு ஏன் என்றே தெரியாது, பாவம்.

கணக்கெல்லாம் போட்டு முடித்து இவர் கணினியில் படத்தைத் திறந்தபோது நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "இங்க வா," என்று ஒரு குரல். பன்னிரண்டு வருடத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. இடுப்பை மறந்து எழுந்து நின்றிருந்தார். படத்தில் ஊர் முழுவதும் மங்கலான சிவப்பு. பள்ளம் இருக்கிற இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு நீலம். இழுப்பு குறைந்த இடம். நீலத்துக்கு நட்ட நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி.

"ஆஃபாயில் முட்டை மாதிரி இருக்கு," என்றேன்.

"நடுவுல இருக்கே, அது மேடு. பெரிய விண்கல் பள்ளத்துலதான் நடுவுல அடிப்பாறை எகிறி மேல வந்து நிக்கும். இவ்வளவு சின்னப் பள்ளத்துல வராதுன்னு புத்தகத்துல போட்டிருக்கான்." தலையைச் சொறிந்தார். "ஒருவேளை இது புது வகையா இருக்கலாம்."

"மேற்குப் பக்கம் கொஞ்சம் வழிஞ்சிருக்கே?"

"அது ஒண்ணுமில்ல," என்றார். மஞ்சளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெரிதாக அச்சடித்து என் தையல் மிஷினுக்கு மேலே மாட்டினார். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரம் துடைத்து வைத்தார். எனக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தார். பாட்டுக்கூடப் பாடினார். லாரிக்காரரைத் தெருவில் பார்த்து, "உங்க லாரிக்கு வேற இடம் பாருங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். நகராட்சிக் கூட்டத்தில் பேசுவதற்கு இஸ்திரி மேசையின் முன் நின்று ஒத்திகை பார்த்தார். நானும் ஜன்னலுக்குப் புதுத் திரை வெட்டினேன். இனிமேல் நிம்மதியாகத் திறந்து மூடலாம் இல்லையா.

கூட்டத்துக்கு முந்தைய நாள் மதியம் தலைவியம்மா வீட்டுத் திரைகளை எடுத்துப்போக தம்பியின் வேனைத் திறந்தேன். குழாய்களுக்கு நடுவே, சாக்கைப் போர்த்திக்கொண்டு, என் முக்காலி. ஒரு கால் விரிசல் விட்டு, கம்பியால் கட்டியிருந்தது. மூன்று கால்களிலும் காய்ந்த சேறு. உட்காருகிற பலகையில் முக்கோணமாக மூன்று குட்டிக் குழிகள். முன்பு அவை இல்லை. என் முக்காலியின் மூஞ்சி எனக்குத் தெரியாதா?

"பஞ்சு, இங்க வாடா."

வந்தான். அசடு வழிந்தான்.

"ஒட்டவெச்சுக் கொடுத்திடலாம்னுதான்கா இருந்தேன். நான் கொஞ்ச நேரம் உக்காந்தேன். விரிஞ்சிடுச்சு."

"இந்தக் குழி என்ன?"

"மாப்பிள்ளையோட கால்."

"எதோட கால்?"

"கருவியோட கால்தான்கா. நீதானே குனியாதன்னு சொன்ன. முக்காலி மேல வெச்சா நின்னுக்கிட்டே படிக்கலாம், சேறும் ஒட்டாது. இது உடைஞ்சப்புறம் நடுவுல இருந்த முளைக்கெல்லாம் உன் வாளியைக் கவுத்துப் போட்டு வெச்சேன். கருவியில ஒரு சேறு பட்டிருக்கா பாரு? மாமா எவ்வளவு பயந்தாரு!"

ஒரு விரல்கடை தூக்கினாலும் தெரிந்துவிடும் என்று இவர் முளை அடித்தபோது சொன்னது என் காதில் மறுபடி கேட்டது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து முக்காலியை அளந்தேன். இரண்டடி. வேனின் மூலையில் கிடந்த வாளியையும் அளந்தேன். ஓரடி. தெருக்களில் இவர் தரையில் வைத்து அளந்தார். பள்ளத்துக்குள் இவன் முக்காலி மேல் வைத்து அளந்தான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தேறினதே பெரிய விஷயம், எனக்கே புரிந்துவிட்டது. அந்த நீல வட்டம் என் முக்காலி. நடுவில் இருக்கிற மஞ்சள் என் வாளி.

"மாமாகிட்ட சொன்னியாடா?"

"அவரு குமிழியைத்தான் கேட்டாரு. முக்காலியைக் கேக்கலியே."

முக்காலியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய், துணி மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

இதுவரை என் குணம் என்னவென்று எனக்கே நன்றாகத் தெரியும். வாயில் வந்ததைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள். அன்று சாயங்காலம் முழுவதும் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டிருந்தேன். சொன்னால் லாரி வரும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பஞ்சுவுக்கே தெரியாது. ஜன்னல் பிழைக்கும், கொக்கு பிழைக்கும், இந்த மனிதரின் முகத்தில் இப்போதுதான் வந்திருக்கிற சிரிப்பு பிழைக்கும். நான் என்ன ஊரையா ஏமாற்றுகிறேன், முக்காலியைத் துணி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், அவ்வளவுதானே. என் வீட்டு முக்காலி, என் இஷ்டம்.

காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைசித் தடவை ஒத்திகை பார்த்தார். இஸ்திரி மேசையிடம் கையை நீட்டிச் சொன்னார்: "இதை நான் சொல்லலை. நான் சொன்னா நீங்க நம்ப வேண்டாம். கருவி சொல்லுது."

அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்த மனிதர் தப்பாகப் பேசியிருக்கலாம், தலைவலி வருகிற அளவுக்குப் பேசியிருக்கலாம், பொய் பேசியதில்லை. இப்போது அவருக்குத் தெரியாமல் அவர் வாயில் ஒரு பொய்யை வைத்து நான் அனுப்பப் போகிறேன். நாளைக்கு வேறு எவனாவது வந்து தரையில் வைத்து அளந்தால் இவர் எங்கே போய் முகத்தை வைப்பார்? மூட்டையைத் தள்ளினேன். முக்காலியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அதன் மேல் வாளியை வைத்தேன்.

"கருவி இதைத்தாங்க சொல்லுது," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பலகையில் இருந்த மூன்று குழிகளையும் விரலால் தடவிப் பார்த்தார். வாளியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். கம்பி கட்டிய கால் கிறீச்சென்றது.

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டடி. வாளி ஒரு அடி."

கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். கண்ணைத் திறந்தபோது அவருக்கு அழுகை வரும் என்று நினைத்துத் துண்டை எடுத்து வைத்திருந்தேன்.

"அச்சு அசலா வருது," என்றார். "நீலம் முழுக்க ரெண்டடிக்குச் சரியா வருது. ஒரு மரமுக்காலியை எப்படிப் பிடிச்சிருக்கு பார்த்தியா? என்ன கருவி, என்ன கருவி."

"அந்த நடு மேடு?"

"வாளி," என்றார். பிறகுதான் அவர் குரல் உடைந்தது. "புது வகைன்னு நினைச்சேனே."

அப்போது பிடித்த மாதிரி அவரை எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். காதில் விழுந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார்.

"அப்ப ரெண்டடியைக் கழிச்சிட்டுக் கணக்குப் போட முடியாதா?" என்று கேட்டேன்.

"சேத்துல முக்காலி எந்த முளையில எவ்வளவு இறங்குச்சுன்னு யாருக்குத் தெரியும்? உன் தம்பிக்குத் தெரியுமா?"

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டோம். சில இடத்தில் கொஞ்சம் இறங்கியது, சில இடத்தில் செங்கல் வைத்தேன் என்றான். எந்த இடம் என்று கேட்டதற்கு, "புல்லு இருந்த இடம் மாமா," என்றான். பள்ளம் முழுக்கப் புல்தான்.

நகராட்சிக் கூட்டத்துக்கு எங்கள் வீட்டுக்காரர் ஒரு கையில் முக்காலியும் ஒரு கையில் வாளியுமாகப் போனார். வீடு காலி செய்கிறார் என்று நினைத்து வாசலில் இருந்த காவலாளி வழி விட்டார். படத்தைத் தலைவியம்மாவின் மேசை மீது விரித்து, பக்கத்தில் முக்காலியை வைத்து, நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார். தம்பி பெயரையும் சொல்லவில்லை, குனியாதே என்று நான் சொன்னதையும் சொல்லவில்லை. "அளந்தது என் பொறுப்பு. நான் சரிபார்க்கலை," என்று முடித்தார்.

மண்டபம் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானே வேறு ஆளாக இருந்தால் சிரித்திருப்பேன். லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"அப்ப வானத்துல இருந்து முக்காலி விழுந்திருக்கு. ஐயா, அதை ஓரமா வெச்சிட்டு வழி விடுங்க. திங்கக்கிழமை லாரி வரட்டும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அன்று வந்தது.

"முக்காலியைச் சொன்னது யாருங்க?" என்று எழுந்து கேட்டேன். "நீங்க கண்டுபிடிச்சீங்களா? மூடி மறைச்சிட்டுப் போயிருந்தா இந்நேரம் இந்த மண்டபமே கை தட்டியிருக்கும். கைக்கு வந்ததை வேண்டாம்னு திருப்பிக் கொடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்காரு. அவரு சரியா அளக்கட்டும். அதுல என்ன வருதோ அதைக் கேக்கிறோம்."

"ஆயுசுக்கும் அளந்துக்கிட்டே இருப்பாரு," என்றார் லாரிக்காரர்.

"கருவியைத் திருப்பிக் கொடுக்கணும், அதுக்குள்ள முடிச்சாகணும். நானே கூடப் போறேன். நீங்களும் வந்து பாருங்க. முக்காலி வருதா, வாளி வருதான்னு கண்ணு முன்னால பாருங்க."

தலைவியம்மா படத்தையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் பொத்தித்தான் இருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. "கருவி ஊரை விட்டுப் போற வரைக்கும் லாரி நிக்கட்டும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "என் வீட்டுத் திரையும் அதுக்குள்ள வந்திடணும்," என்றார்.

பள்ளத்துக்குள் இந்தத் தடவை நான் இறங்கினேன். பஞ்சு கருவியைச் சுமந்தான். எங்கள் வீட்டுக்காரர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சந்தேகம் வந்தபோதெல்லாம் "தரையிலதானே?" என்று கத்தினார். முளைக்கு முளை மண்டியிட்டு, மாப்பிள்ளையின் கால் தரையில் பதிந்ததைத் தடவிப் பார்த்து, டேப்பால் அளந்து, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சேற்றில் முழங்கால் வரை நனைந்தது. லாரிக்காரர் சொன்னபடி வந்தார். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். அவர் காலை மாற்றி மாற்றி வைத்தால் எண் ஆடியது. "அசையாதீங்க," என்றேன். பிறகு அவரும் பழகிவிட்டார். நான் பொத்தானை அமுக்கும்போது அவரே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கொக்கு பறந்தால் அதைக் கையால் அதட்டினார்.

ஒவ்வொரு முளையிலும் எனக்கு ஒரே வேண்டுதல்தான். குறையட்டும், குறையட்டும். பன்னிரண்டு வருடம் அந்தக் கல்லைக் கிண்டல் செய்தவள் சேற்றில் மண்டிபோட்டு அதே கல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கை அவர் போட்டபோது லாரிக்காரரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். தம்பி சுவரோரம் நின்றான். உட்கார நான் விடவில்லை. படம் திறந்தது. நீல வட்டம் இல்லை. மஞ்சள் இல்லை. பள்ளமும் தெருவும் ஒரே மங்கலான சிவப்பு. மேற்கு ஓரத்தில் மட்டும், முன்பு முட்டை வழிந்திருந்த அதே இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கரு நீலம்.

"விண்கல் இல்ல," என்றார் எங்கள் வீட்டுக்காரர். தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. விழுந்தது அந்த வராத கல்தான்.

லாரிக்காரர் எழுந்தார். "சரிங்க. நீங்க நேர்மையாத்தான் அளந்தீங்க, அதை நான் எங்க வேணும்னாலும் சொல்றேன். அப்ப திங்கக்கிழமை..."

"ஒரு நிமிஷம்," என்றார் இவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கரு நீலத்தின் மேல் குனிந்தார். இடுப்பைப் பற்றிய நினைவே இல்லை. "இங்க ரொம்பக் குறையுது. குறுகலா, செங்குத்தா. நொறுங்கின பாறை இல்ல இது. கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. சுண்ணாம்புப் பாறை தண்ணியில கரைஞ்சு குகை மாதிரி ஆயிருக்கலாம். பள்ளமே அப்படித்தான் வந்திருக்கும். மேல்பாறை உக்காந்து போயிருக்கும்." அவர் குரல் மெதுவாகிக்கொண்டே போனது. "அதான் இவ்வளவு வட்டம். ஏன் எனக்குத் தோணலை?"

"அதுக்கென்ன இப்ப?" என்றார் லாரிக்காரர்.

"அடியில ஓட்டையான பாறைன்னா, மேல விழற அழுக்குத் தண்ணி மண்ணுல வடிகட்டாது. குழாயில போற மாதிரி நேரா நிலத்தடித் தண்ணிக்குப் போயிடும். ஆனா இதை வெச்சு நான் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஒருதரம் தப்புப் பண்ணியாச்சு. துளை போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

லாரிக்காரர் மறுபடி உட்கார்ந்தார். படத்தின் மேற்கு ஓரத்தில் விரலை வைத்தார். விரல் சற்று நகர்ந்து ஒரு சின்னச் சதுரத்தில் நின்றது. அது அவருடைய வீடு.

"எங்க வீட்டுக்கு போர் போட்டாங்களே," என்றார். அவர் குரலில் சத்தமே இல்லை. "பாறையைக் குடைஞ்சுக்கிட்டே போனாங்க. திடீர்னு துளைக்கிற கம்பி ஆளுயரத்துக்குத் தானா கீழ விழுந்துச்சு. அப்புறம் தண்ணி பிச்சுக்கிட்டு வந்துச்சு. அதிர்ஷ்டம்னு சொல்லி எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன்."

தம்பிதான் வாயைத் திறந்தான். "அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறீங்க?"

"குடிக்கிறேன், குளிக்கிறேன், பேரப் பிள்ளைங்க குடிக்குது," என்றார் லாரிக்காரர்.

அடுத்த கூட்டத்தில் பள்ளத்தில் குப்பை போடக் கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் லாரிக்காரர்தான். எங்கள் வீட்டுக்காரரைவிட நீளமாகப் பேசினார். துளை போட்டுப் பார்த்து நிலத்தடியில் வெற்றிடம் இருப்பது உறுதியானபோது அவரே கூட நின்றார். குப்பைக்கு ஊருக்கு வடக்கே களிமண் நிலத்தில் இடம் பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரியோடு நான் மறுபடி பேசுகிறேன். ஏன் நிறுத்தினேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் ஜன்னல் திறந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் ஊர் மெச்ச ஜெயித்துவிட்டு, வீட்டில் தோற்றவர் மாதிரி இருந்தார். மிஷினுக்கு மேலே மாட்டியிருந்த முட்டைப் படத்தைக் கழற்றக் கை நீட்டினார். விடவில்லை.

"தப்பான படம்," என்றார்.

"என் முக்காலியோட படம். பூமியே சாட்சி சொல்லி வரைஞ்ச படம். யார் வீட்டு முக்காலிக்கு இருக்கு இப்படி?"

படம் அங்கேயே இருக்கிறது. முக்காலியின் காலைத் தம்பி ஒட்டிக் கொடுத்தான். வேலையில்லாத மாலைகளில் இவர் அதை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து பள்ளத்தைப் பார்க்கிறார். போன வாரம் திரை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், ஊருக்குப் புதிது, அந்த வட்டத்தை எட்டிப் பார்த்து என்ன இடம் என்று கேட்டாள்.

"விண்கல் விழுந்த இடம்," என்றேன்.

"சுண்ணாம்புப் பாறை கரைஞ்சு உக்காந்த பள்ளம்மா," என்றார் இவர் முக்காலியில் இருந்தபடி. "விண்கல் எல்லாம் இல்ல. அளந்து பார்த்தாச்சு."

"நீங்க சும்மா இருங்க," என்றேன். அந்தப் பெண் பக்கம் திரும்பி, "பன்னிரண்டு வருஷமா எங்க வீட்டுல அது விழுந்துக்கிட்டேதான்மா இருக்கு," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.